இரண்டாவது குழாய்

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ், ரத்த ஆய்வகம்.
இரவு ஒன்றே கால்.
முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில்
இரண்டு கண்ணாடிக் குழாய்கள்.
இரண்டிலும் ஒரே ஆளின் பிளாஸ்மா,
உறைந்து போய்,
சாய்த்தாலும் அசையாத
கெட்டித் தயிர்.

இரண்டிலும் கரைக்கும் நொதி ஒரே அளவு.
இரண்டாவதில் மட்டும்
எறும்பின் கண்ணளவு புரோட்டீன் சி,
எழுப்பிவிடப்பட்டது.

காத்திருப்பதுதான் என் வேலை.
சம்பளப் பட்டியலில் அதற்கு வேறு பெயர்.

இரண்டரைக்கு
இரண்டாவதில் ஓரம் நெகிழ்ந்து
சிக்கியிருந்த ஒரு குமிழி மேலே வந்தது.
அப்போது நான் நினைத்தது
கோரையாற்று வாய்க்கால் கரையில் நின்ற ஒரு டிராக்டரை.

போன ஆடிக் கடைசி.
மேட்டூர் திறந்து அறுபது நாள்.
எங்கள் கடைமடைக்கு வந்தது
தண்ணீர் வருகிறது என்ற செய்தி மட்டும்.
மதகுக்கு மேலே ஆகாயத்தாமரை
ஆடு நடக்கலாம் போலப் படர்ந்திருந்தது.
அடியில் பிளாஸ்டிக் பை, வாழை மட்டை,
யாருடையதோ ஒரு வேட்டி,
எல்லாம் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு.

பொக்லைன் வந்துவிட்டிருந்தது, அதுதான் வேடிக்கை.
டிரைவர் அதன் வாளிக்குள்
காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தான்.
கரையில் குறுக்கே
ஒப்பந்தக்காரர் வைரக்கண்ணுவின் டிராக்டர்.
போன வருஷப் பாக்கி வந்தால்தான் எடுப்பேன் என்றார்.
கெட்டவர் இல்லை. பாக்கியும் உண்மை.
அவரைப் போல ஒருவர் உடம்பில் இல்லையென்றால்
பல் பிடுங்கிய இடம்
பத்து நாளும் கசியும்.

பம்ப் ஆபரேட்டர் தையல்நாயகி
மண்வெட்டி எடுக்கவில்லை.
ஒரு தாமரையைக்கூடப் பிடுங்கவில்லை.
நேராகப் போய் டிராக்டரில் ஏறி
மட்கார்டில் உட்கார்ந்தாள்.
"எடுங்க. மன்னார்குடி ஆபீசுக்கே போவோம்.
உங்க பாக்கிய நானும் சேந்து கேக்குறேன்.
வழியில டீ நான் வாங்கித் தர்றேன்."

இருவரும் டிராக்டரோடு போனார்கள்.
பொழுது சாயும்வரை
இருவரில் ஒருவரையும் கரையில் காணோம்.
பொக்லைன் கண் விழித்தது.

இந்தக் குழாயிலும் அதுவேதான்.
புரோட்டீன் சி உறைவைத் தொடுவதில்லை.
கரைப்பவன் பக்கத்திலேயே இருக்கிறான்.
அவன் கையைப் பிடித்திருக்கும் தடுப்பானை
இது போய்ப் பிடித்துக்கொள்கிறது.
பிடித்ததும் பிடிபட்டதும் ஒரே கட்டாகிக்
கணக்கிலிருந்து கழிகின்றன.

எனக்கு இன்னும் பழகாத விஷயம் ஒன்று:
உடம்புக்குள் இதை எழுப்புவது த்ராம்பின்.
உறைய வைத்த அதே த்ராம்பின்.
நாளத்தின் சுவரில் ஒரு கை நீண்டு
அதைப் பற்றிக்கொண்டால் போதும்,
கட்சி மாறிவிடுகிறது.
வைரக்கண்ணுவிடம் இதைச் சொல்ல வேண்டும்.
ரசிப்பார்.

பிளாஸ்மாவுக்கு உரியவர் சந்தனசாமி, முப்பத்தொன்று,
நடவு இயந்திரம் ஓட்டுகிறவர்.
பிறவியிலேயே இந்தப் புரதம் பாதிதான்.
இடது கால் வீங்கி, விரலால் அழுத்தினால்
குழி எழ நேரமாகிறது.
குழாயில் நடப்பது வார்டுக்கு வர
எத்தனை வருஷமோ.
அவருக்கு இப்போது ஹெப்பாரின் சொட்டுகிறது.

ரத்தம் எடுத்தபோது கேட்டார்:
"உள்ள எங்கயோ அடச்சிருக்காமே,
மேல் பக்கமா, கீழ் பக்கமா?"
தொடையில், என்றேன்.
"அப்ப தலைமடையிலதான்," என்றார்,
தனக்குத்தானே தலையாட்டி.

மூன்று பத்து.
இரண்டாவது குழாய் சாய்த்தால் ஓடுகிறது.
நோட்டில் நேரம் எழுதினேன்.
முதல் குழாய்க்கு எதிரே கட்டம் காலி.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
சாய்த்துப் பார்க்கிறேன்.
இன்னும் இல்லை.